நீதியாகிய ஈவு: வாசிப்பிலும் வாழ்விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'நீதி' என்றதும் தமிழருக்கு நினைவில் எழுவது நீதிமன்றமும் நீதிபதியும்தான். அதனால் வேதாகமத்தில், ரோமாபுரி விசுவாசிகளுக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதிய ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் 'தேவநீதி' என்று வாசிக்கும்போதும், தராசைத் தூக்கிப் பிடித்துத் தண்டனையை அளந்து கொடுக்கும் கடவுளையே பலர் காண்கிறார்கள். இந்தத் தவறு தமிழருக்கு மட்டும் உரியதன்று. அந்தச் சொல்லைத் தாம் வெறுத்ததாகச் சபைச் சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூத்தரே, 1545-இல் தம் லத்தீன் நூல்தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். கடவுள் தாம் நீதியுள்ளவராயிருந்து பாவியைத் தண்டிக்கும் நீதி என்றே அவர் கற்றிருந்தார். விசுவாசத்தின் வழியாக மனிதனுக்கு ஈவாகத் தரப்படும் நீதியே அது என்று விளங்கிய பிறகு, ஆதித் திருச்சபையின் ஆசிரியரான அகுஸ்தீனை எடுத்து வாசித்தவர், அங்கும் ஏறக்குறைய அதே விளக்கம் இருக்கக் கண்டார். 412-ஆம் ஆண்டளவில் ஆவியையும் எழுத்தையும் பற்றி எழுதிய நூலில் அகுஸ்தீன், தேவநீதி என்பது கடவுள் மனிதனுக்கு உடுத்துவிக்கும் நீதி என்று சொல்லியிருந்தார்.

1995-இல் வெளியான விவிலியப் பொது மொழிபெயர்ப்பு, பழைய மொழிபெயர்ப்பில் 'நீதிமானாக்கப்படுதல்' என்றிருப்பதைக் கடவுளுக்கு 'ஏற்புடையவர் ஆதல்' என்று தருகிறது. நீதிமன்ற வாடையை நீக்க இது உதவுகிறது என்றாலும், மனிதனின் உள்ளம் நேராக்கப்படுகிறது என்ற பொருள் இதில் சற்றே மங்கிவிடுவதாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்து வாசிப்பது நல்லது.

இரண்டாவது தவறு, ஈவைக் கூலியாக்குவது. கிரியை, அதாவது செயல், செய்கிறவனுக்கு வரும் கூலி கிருபையென்று எண்ணப்படாமல் கடனென்று எண்ணப்படும் என்று ரோமர் 4:4 கணக்குப்பிள்ளையின் மொழியிலேயே சொல்லிவிடுகிறது. ஆயினும் சாட்சி சொல்லும் வேளைகளில், இத்தனை நாள் உபவாசித்தேன், இத்தனை முறை வேதத்தை வாசித்து முடித்தேன் என்று பற்றுவரவு மெல்ல உள்ளே நுழைந்துவிடுகிறது. கிரியையை விட்டுவிட்டேன் என்பவர்கூட, 'என் விசுவாசம் பலமாயிருந்தது' என்று விசுவாசத்தையே ஒரு கிரியையாக மாற்றிக்கொள்வதுண்டு.

இந்தத் தவறின் மிக நுட்பமான வடிவத்தை லூக்கா 18-இல் இயேசு சொன்ன கதையில் காணலாம். ஜெபிக்க ஆலயத்துக்குப் போன பரிசேயன் (யூத சமயச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பிரிவினன்) தன் நற்குணத்துக்குத் தானே காரணம் என்று சொல்லவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'தேவனே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்றுதான் அவன் ஜெபம் தொடங்குகிறது. வாரத்தில் இரண்டு தரம் உபவாசமும், வருமானம் அனைத்திலும் தசமபாகமும் அவன் சொன்ன பொய்கள் என்றும் கதை கூறவில்லை. உதட்டளவில் எல்லாம் கிருபையே. ஆனால் அவன் கண் பின்னால் நிற்கும், வரி வசூலிப்பவனான ஆயக்காரன்மேல் இருக்கிறது. அவனைப்போல் இராததற்காகவே நன்றி சொல்கிறான். பெற்றுக்கொண்ட பொருளை, பெறாதவனுக்கு எதிரே அளந்து பார்க்கும் கணத்திலேயே அது சொந்தச் சம்பாத்தியமாகிவிடுகிறது. பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது தனக்கு வேண்டாமென்று ஒதுக்கிய 'சுயநீதி' இதுதான். ஆகவே நன்றி சொல்கிறோமா என்பதோடு நில்லாமல், யாரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இரட்சிப்பு கிருபையால் வரும் ஈவு, கிரியைகளால் உண்டானதல்ல என்னும் எபேசியர் 2:8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்லுகிறவர்கள், நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்னும் பத்தாம் வசனத்துக்கு முன்பாகவே நிறுத்திக்கொள்கிறார்கள். கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டுச் சதையான இருதயத்தைக் கொடுப்பேன் என்பது எசேக்கியேல் 36-இல் உள்ள வாக்குத்தத்தம். உள்ளே ஒன்றும் அசையவில்லையென்றால், ஈவு தரப்பட்டது என்ற பேச்சுக்குப் பொருளில்லை. பெற்ற இருதயம் துடிப்பது அதற்குச் செலுத்தும் விலையாகாது.

சபைப் பிரிவுகளைப் பற்றிய தவறான பேச்சையும் இங்கேயே சொல்லிவிடலாம். கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பு என்கிறார்கள் என்று சீர்திருத்த சபையார் சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். 1547 ஜனவரி 13 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து (Trent) பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணையோ, நீதிமானாக்கப்படுவதற்கு முன் உள்ள விசுவாசமோ கிரியையோ அந்தக் கிருபையைச் சம்பாதிப்பதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருந்தது: கிறிஸ்துவின் நீதி நம்முடையதாக எண்ணப்படுகிறதா, அல்லது நீதி நம் உள்ளத்தில் ஊற்றப்பட்டு அங்கே தங்குகிறதா என்பதே கேள்வி. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைக் குறித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எல்லா வேறுபாடுகளும் அதனால் தீர்ந்துவிடவில்லை. பழைய வசையை மீண்டும் சொல்வதற்கு முன் அதை ஒருமுறை வாசிக்கலாம்.

கடைசியாக, உணர்ச்சியை அளவுகோலாக்கும் பழக்கம். ஆராதனையில் கண்ணீர் வந்த நாளில் தன்னை நீதிமான் என்றும், மனம் வறண்ட நாளில் கைவிடப்பட்டவன் என்றும் எண்ணுகிறவர்கள் ஏராளம். தன்னிடத்தில் ஒரு குற்றமும் தெரியவில்லை, ஆனாலும் அதனாலே தான் நீதிமானாகிறதில்லை என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார் பவுல். லூக்காவின் ஆயக்காரனைப் பாருங்கள். தூரத்தில் நின்று, கண்களையும் ஏறெடுக்கத் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்டான். அவன் நீதிமானாக்கப்பட்டவனாய் வீடு திரும்பினான் என்ற தீர்ப்பை இயேசு கதை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சொன்னார். அவனுடைய காதில் அது விழுந்ததாகக் கதையில் இல்லை.