நெதர்லாந்து ஊர்களைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? கட்டடம் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

ஆம்ஸ்டர்டாமில் இரண்டு நாள், ஒரு படகுச் சவாரி, ஒரு டியூலிப் தோட்டம், பிறகு பாரிஸுக்கு ரயில். நெதர்லாந்து வருபவர்களில் பலருடைய திட்டம் இதுதான். கொஞ்சம் நேரம் இருப்பவர்கள் ஹார்லெம், டெல்ஃப்ட், ஹௌடா என்று போவார்கள். மூன்றாவது ஊருக்குள் எல்லாச் செங்கல் வீடும் ஒரே வீடாகத் தெரியத் தொடங்கிவிடும்.

இந்தச் சலிப்பு வராமலிருக்க ஒரு கேள்வியைக் கூடவே கொண்டுபோங்கள்: இங்கே தண்ணீரை என்ன செய்திருக்கிறார்கள்? வயல், வீடு, கோட்டை என எதன் முன் நின்றாலும் இதைக் கேட்கலாம். கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை.

படி 1: ஓர் ஊரில் தங்கி, தினமும் ரயில் ஏறுங்கள்

என் தேர்வு ஹார்லெம் அல்லது உட்ரெக்ட். ஹார்லெமிலிருந்து ஆம்ஸ்டர்டாம் கால் மணி நேரம்தான். உட்ரெக்ட் நாட்டின் ரயில் பாதைகள் கூடும் இடம். டிக்கெட் வாங்க வரிசையில் நிற்க வேண்டாம். தட்டிச் செலுத்தும் வங்கி அட்டை போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். ஒருவருக்கு ஓர் அட்டை. கணவன் அட்டையிலேயே மனைவியும் போக முடியாது.

படி 2: ஊருக்கு முன் வயலைப் பாருங்கள்

எல்லோரும் ஊரில் தொடங்குவார்கள். நீங்கள் பேம்ஸ்டருக்குப் போங்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பர்மெரெண்ட் வரை ரயில், அங்கிருந்து வாடகைச் சைக்கிள்.

பேம்ஸ்டர் ஒரு காலத்தில் பெரிய ஏரி. ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் பணம் போட்டார்கள். ஏரியைச் சுற்றி மண்கரை எழுப்பி, கரைக்கு வெளியே வட்டமாக வாய்க்கால் வெட்டினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகள் தண்ணீரைப் படிப்படியாக மேலேற்றி அந்த வாய்க்காலில் கொட்டின. 1612இல் ஏரி வற்றி நிலமானது. இன்றும் அந்த நிலம் கடல் மட்டத்துக்குச் சுமார் மூன்றரை மீட்டர் கீழே இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். கரைமேல் ஏறி நின்று, ஒரு பக்கம் வாய்க்காலின் நீர்மட்டத்தையும் மறுபக்கம் வயலின் மட்டத்தையும் மாறி மாறிப் பாருங்கள். மாடு மேயும் நிலத்தைவிட உயரத்தில் படகு போய்க்கொண்டிருக்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் நாட்டின் மற்ற பாதி தானாகப் புரியும்.

பிறகு உள்ளே இறங்கிச் சைக்கிளை மிதியுங்கள். சாலைகள் சதுரக் கட்டம் போட்டாற்போல நேராக ஓடும். ஓரங்களில் பிரமிடு வடிவக் கூரையோடு பெரிய பண்ணை வீடுகள் தெரியும். அந்தக் கூரைக்கு அழகு மட்டும் காரணமல்ல. நடுவே நான்கு பெரிய மரத்தூண்கள், அவற்றுக்கிடையே கூரை வரை வைக்கோல். சுற்றிலும் மனிதர்களும் மாடுகளும் ஒரே கூரையின்கீழ். பலவற்றில் வைக்கோல் போய் வரவேற்பறை வந்துவிட்டது, கூரை மட்டும் அப்படியே.

வடமேற்கு ஓரத்தில் டெ ரைப் என்ற சிற்றூர். அதன் நகர மன்றக் கட்டடம் 1630இல் எழுந்தது. வடிவமைத்தவர் லேக்வாட்டர். பேம்ஸ்டரை வற்றவைத்த வேலையில் இருந்த ஆலைப் பொறியாளரும் அவர்தான்.

படி 3: காற்றாலையைப் படம் எடுக்கும் முன் அதன் வேலையைக் கேளுங்கள்

ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் கிண்டர்டைக். ரோட்டர்டாமிலிருந்து வாட்டர்பஸ்ஸில் போவது நல்லது. 19 ஆலைகள் வாய்க்காலோரம் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவை 1738 முதல் 1740 வரை கட்டப்பட்டவை. ஒரு கரையில் எட்டு ஆலைகள் வட்டமான செங்கல் கோபுரங்கள். எதிர்க்கரையில் எட்டு, நாணல் வேய்ந்த எண்கோண ஆலைகள். தாழ்ந்த நிலத்து நீரைத் தேக்கத்துக்கு ஏற்றுவதே இவற்றின் பணியாக இருந்தது. ஆற்றின் மட்டம் இறங்கும்போது அந்த நீரை வெளியேற்றுவார்கள். பலவற்றில் இன்னும் குடும்பங்கள் வசிக்கின்றன. துணி காயும் கொடியைப் பார்த்தால் கேமராவைக் கொஞ்சம் தாழ்த்துங்கள்.

ஸான்ஸ ஸ்கான்ஸ் வேறு ரகம். அங்குள்ள மர வீடுகளில் பல, ஸான் ஆற்றுப் பகுதியின் வெவ்வேறு இடங்களிலிருந்து 1960களிலும் அதற்குப் பின்னும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். சாயப்பொடி அரைக்கும் ஆலையும் மரம் அறுக்கும் ஆலையும் ஓடுவதை உள்ளே நின்று பார்க்கலாம். காற்றைக் கொண்டு தொழிற்சாலையே நடத்தினார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும். காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்தபின் நிற்க இடமிருக்காது.

நிற்கும் ஆலையின் இறக்கைகளையும் கவனியுங்கள். மேல் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன் நிறுத்தப்பட்டிருந்தால் அந்த வீட்டில் மகிழ்ச்சி. உச்சியைத் தாண்டி நின்றால் துக்கம்.

படி 4: வீட்டை உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள்

இப்போது ஊருக்குள் வரலாம். கடைக் கண்ணாடி மட்டத்தில் எல்லா ஐரோப்பிய ஊரும் ஒன்றுதான். தலையை நிமிர்த்துங்கள்.

கூரைக்கு முன் எழும் முகப்புச் சுவரின் உச்சி, வீட்டின் வயதைத் தோராயமாகச் சொல்லிவிடும். படிக்கட்டுபோல இருபுறமும் ஏறினால் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டின் முற்பாதி. நடுவில் நீண்ட கழுத்துபோல எழுந்து, இருபுறமும் சிற்ப வேலை இருந்தால் அதற்குச் சற்றுப் பிந்தியது. மணி வடிவில் வளைந்து இறங்கினால் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் 18 வரை. பிற்காலத்தில் 'பழைய பாணி'யில் கட்டியவையும் உண்டு, ஆகவே பந்தயம் கட்டாதீர்கள்.

உச்சிக்குக் கீழே ஒரு மரக்கட்டை கொக்கியோடு நீட்டிக்கொண்டிருக்கும். உள்படிக்கட்டு அவ்வளவு குறுகல் என்பதால் சாமான்களைக் கயிறு கட்டி ஜன்னல் வழியே ஏற்றுவார்கள். ஆம்ஸ்டர்டாமில் பல வீடுகள் தெருப்பக்கம் சாய்ந்திருப்பதற்கும் இது ஒரு காரணம்: ஏறும் மூட்டை சுவரில் இடிக்கக் கூடாது. முன்பக்கச் சாய்வு திட்டமிட்டது. பக்கவாட்டில் சாய்ந்து அடுத்த வீட்டின் தோளில் விழுந்திருந்தால், அடித்தளமாகச் சேற்றில் இறக்கிய மரத்தூண்கள் தளர்ந்துவிட்டன என்று அர்த்தம்.

இன்னும் கீழே, சுவரில் கறுப்பு இரும்புத் துண்டுகள். உள்ளேயிருக்கும் உத்தரத்தைச் சுவரோடு பிணைப்பவை அவை. சிலவற்றை எண்களாகவே செய்திருப்பார்கள், கட்டிய ஆண்டை நேராகப் படித்துவிடலாம். வாசலுக்கு மேலே செதுக்கிய வண்ணக் கல் இருந்தால், வீட்டுக்கு எண் போடும் வழக்கம் வருவதற்கு முந்தைய முகவரி அது.

இதைப் பயில ஹார்லெமின் சந்தைச் சதுக்கம் நல்ல இடம். லீவன் டெ கே வடிவமைத்து 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இறைச்சி மண்டபத்தின் முகப்பில் எருதுத் தலைகளைத் தேடுங்கள். எதிரே உள்ள பெரிய தேவாலயத்தின் ஆர்கன் இசைக்கருவியை மொஸார்ட் 1766இல், பத்து வயதில், வாசித்திருக்கிறார்.

திரைச்சீலை இல்லாத ஜன்னல்கள் எங்கும் இருக்கும். நின்று எட்டிப் பார்ப்பது இங்கே பெரிய அநாகரிகம்.

படி 5: தண்ணீர் கெடுத்ததையும் காத்ததையும் தேடுங்கள்

டெல்ஃப்ட்டின் பழைய தேவாலயக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்திருக்கிறது. வாய்க்காலைத் தூர்த்த இடத்தில் கட்டியதன் விளைவு.

நார்டன் இதற்கு நேரெதிர். இரட்டை அகழி சூழ, நட்சத்திர வடிவில் அமைந்த கோட்டை ஊர் அது. யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூர்முனைக் கொத்தளங்கள் உடனே பிடிபடும். யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோணமாகக் கட்டியவர்களும் டச்சுக்காரர்களே. எதிரி வந்தால் சுற்றுப்புற நிலத்தையே நீரில் மூழ்கடிப்பது அவர்கள் உத்தி. நடந்து கடக்க முடியாத, படகும் ஓட்ட முடியாத ஆழத்துக்கு மட்டும். நார்டன்-புஸ்ஸம் நிலையத்தில் இறங்கி நடந்து, மதில்மேல் ஒரு சுற்று வாருங்கள்.

படி 6: ஒரு நாளாவது செங்கல்லை மறங்கள்

உட்ரெக்டில் கட்டடக்கலைஞர் ரீட்வெல்ட் 1924இல் கட்டிய ஷ்ரோடர் வீடு, சாதாரணச் செங்கல் வீட்டு வரிசையின் கடைசியில் வெள்ளையும் சாம்பலுமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மாடியில் சுவர்களைத் தள்ளினால் நான்கு அறை ஒரே கூடமாகும். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

படி 7: கிளம்பும் முன்

அருங்காட்சியகங்கள் பல திங்களன்று மூடியிருக்கும். மே மாத இரண்டாவது வார இறுதி காற்றாலை நாள். நாடெங்கும் பல ஆலைகள் ஓடும், உள்ளேயும் விடுவார்கள். செப்டம்பர் இரண்டாவது வார இறுதியில் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்கள் பல இலவசமாகத் திறக்கும்.

சைக்கிளுக்கு வரைபடம் வேண்டாம். பாதைகள் சேரும் இடங்களில் எண் பலகைகள் இருக்கும். காலையில் போக வேண்டிய எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டால் போதும். மலையே இல்லாத நாடு என்று நம்பித் தூரத்தைக் கூட்டிவிடாதீர்கள், எதிர்க்காற்று மலையின் வேலையைச் செய்யும். காலையில் காற்றின் திசையைப் பாருங்கள். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.