14 கட்டங்களில் தொடங்கும் பாடம்: பத்தாம் வகுப்பில் இட ஒதுக்கீட்டை எடுப்பது எப்படி

இட ஒதுக்கீடு என்றதும் 'சரியா, தவறா' என்று பட்டிமன்றம் வைத்துவிடாதீர்கள். வீட்டில் காதில் விழுந்ததைத்தான் பிள்ளைகள் அங்கே ஒப்பிப்பார்கள். ஆவணத்திலிருந்து தொடங்கினால் இரண்டு பாடவேளை போதும்.

முதலில் கரும்பலகையில் 14 கட்டங்கள். 1950-ல் சென்னை மாநில மருத்துவ, பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கு இருந்த வகுப்புவாரி விகிதத்தை நிரப்புங்கள்: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம் 1. 'அரிசனர்' என்பது ஆவணத்தின் சொல் என்று சொல்லிவிட்டு, அருகிலேயே 'பட்டியல் சாதியினர்' என எழுதுங்கள். பக்கத்தில் 1928-ல் அரசுப் பணிகளுக்கு வந்த 12 இட முறையை எழுதி, எது புதிதாக வந்திருக்கிறது, எது சுருங்கியிருக்கிறது என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் நீங்கள் பேசக் கூடாது. 'பிற்படுத்தப்பட்ட இந்துக்கள்' என்ற தனிக் கட்டத்தை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்து, இந்த வகுப்புவாரி முறையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட செண்பகம் துரைராஜன் வழக்கு. அரசமைப்பின் 29(2)-ஐ நகலெடுத்து இருவருக்கு ஒன்றாகக் கொடுங்கள். அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் சாதி, மதம் போன்றவற்றின் காரணமாக மட்டுமே சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது அது. 'மட்டுமே' என்பதை வட்டமிடச் சொல்லுங்கள். வழக்கு அந்தச் சொல்லில்தான் நிற்கிறது. அரசு வேலையில் இட ஒதுக்கீட்டை அனுமதிக்க 16(4) இருக்கிறது, கல்விக்கு அப்படி ஒன்று இல்லையே என்பதை உச்ச நீதிமன்றம் 9-4-1951 தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. நலிந்த பிரிவினரின் கல்வி பற்றிய 46-ஆவது கூறு வழிகாட்டு நெறிதான், அடிப்படை உரிமையை மீற முடியாது என்று சொல்லி, வகுப்புவாரி முறை செல்லாது என்றது. அதே ஆண்டு ஜூனில் முதல் அரசமைப்புத் திருத்தம், பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4)-ஐச் சேர்த்தது. தீர்ப்பையும் திருத்தத்தையும் ஒரே நாளில் எடுத்தால்தான் காரணமும் விளைவும் ஒட்டும். பிரித்து எடுத்தால் 15(4) 1950-லிருந்தே இருந்ததாக மாணவர்கள் எழுதிவிடுவார்கள்.

இரண்டாம் பாடவேளையில் இன்றைய தமிழ்நாடு: பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1, மொத்தம் 69 சதவீதம். முஸ்லிம்களுக்கான 3.5 அந்த 30-க்குள், அருந்ததியருக்கான 3 அந்த 18-க்குள். இவற்றை வெளியே கூட்டி 75.5 என்று கணக்குப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இட ஒதுக்கீட்டுக்கு உச்ச நீதிமன்றம் 1992 இந்திரா சாவ்னி தீர்ப்பில் வைத்த 50 சதவீத வரம்பைச் சொல்லி, 69 சதவீதத்துக்கான தமிழ்நாட்டின் 1993 சட்டம், சட்டங்களுக்கு நீதிமன்ற வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தருவதற்கான ஒன்பதாவது அட்டவணைக்கு 1994-ல் போனது ஏன் என்று கேளுங்கள்.

ஒன்றில் கறாராக இருங்கள்: யார் எந்தப் பிரிவு என்று கை தூக்கச் சொல்லவே கூடாது. பட்டியல் சாதி மாணவரைப் பார்த்து 'நீ சொல்லு' என்பதும் அதே தவறுதான். தன் சமூகத்துக்கே வழக்கறிஞராக அந்தப் பிள்ளை நிற்க வேண்டியதில்லை. 'கோட்டாவுல வந்தவன்' என்று யாராவது சொன்னால் அப்போதே நிறுத்தி, வகுப்பில் எவரையும் அப்படிக் குறிக்கக் கூடாது என்று சொல்லுங்கள். பிறகு கரும்பலகைக்குத் திரும்பி, 1950-ன் 14 கட்டங்களில் பிராமணருக்கும் இரண்டு இருப்பதைக் காட்டுங்கள்.

தேர்வில் கருத்துக் கேட்காதீர்கள். '15(4) எந்த இடைவெளியை நிரப்பியது?' என்று கேட்டு, 29(2), 16(4) இரண்டையும் தொட்டு எழுதியவருக்கே முழு மதிப்பெண் கொடுங்கள்.