கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கு முன்

உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, காப்பியைப் பாதி குடித்த பிறகு, "ஒரு கையெழுத்துதான் மாப்பிள்ளை, சும்மா பேருக்கு" என்று பேச்சைத் தொடங்கினால், அவர் கேட்பது உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை என்று புரிந்துகொள்ள வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அதே அளவு பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. முதலில் கடனாளியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் வருவார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படிக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை என்று 1968இலேயே உச்ச நீதிமன்றம் பீகார் வங்கி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

ஆகவே அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். குறிப்பாக, நான்கு பேர் கூடியிருக்கும் விசேஷ வீட்டில் வைத்துக் கேட்டால், அங்கே தலையசைப்பது உங்கள் முடிவாக இருக்காது, கூட்டத்தின் முடிவாகத்தான் இருக்கும். இரண்டு நாள் அவகாசம் கேட்டு, கடன் தொகை, வட்டி, காலம், மாதத் தவணை ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 12 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்கு 5 லட்ச ரூபாய் என்றால் தவணை ஏறக்குறைய 11,100 ரூபாய் வரும். அந்தத் தொகையை அறுபது மாதங்களும் நீங்களே கட்ட நேர்ந்தால் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தடைபடாமல் போகுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கேட்பவர் நல்லவரா என்ற ஆராய்ச்சி இதற்குப் பிறகுதான், ஏனென்றால் நல்லவர்களுக்கும் வேலை போகிறது, உடம்புக்கு முடியாமல் போகிறது.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால் மறுக்க வேண்டும். மறுக்கும் விதத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், நான் எடுத்த முடிவைச் சொல்லத் துணிவில்லாமல், "வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்" என்று பெரியப்பா மகனிடம் சொல்லித் தப்பித்தேன். அண்ணன் என்னுடன் வழக்கம்போலவே பழகினார். அண்ணியோ, அதற்குப் பின் வந்த காதுகுத்தில் என் மனைவிக்கு முன்னால் இலையைப் போட்டுவிட்டு, முகம் பார்க்காமல் நகர்ந்தார். நான் சொல்ல வேண்டிய மறுப்புக்கு அவள் பழி சுமந்தாள். "அண்ணே, இந்தத் தவணை என் தலையில் விழுந்தால் என்னால் தாங்க முடியாது, அதனால் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று நம் பெயரிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. கூடவே, திரும்பி வராவிட்டாலும் மனம் நோகாத ஒரு தொகையை, பத்தாயிரமோ இருபதாயிரமோ, கையில் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அதுவும் முடியாதவர், தங்க நகைக்கு எங்கே வட்டி குறைவு என்று விசாரித்துக் கொடுக்கலாம்; அதுவும் உதவிதான்.

கையெழுத்துப் போடுவது என்று முடிவானால் படிவத்தைக் கவனியுங்கள். வங்கி மேசையில் தாள்களைப் புரட்டிக்கொண்டே, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களை விரலால் காட்டி, "இங்கே, இங்கே, அப்புறம் இங்கே" என்பார்கள். தொகைக்கான கட்டம் காலியாக இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். இந்த ஒரு கடனுக்கு மட்டும் ஜாமீனா, அவர் இனி வாங்கப்போகும் கடன்களுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்திய நடவடிக்கைகளுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 133ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரியை அச்சிட்ட படிவங்களிலேயே பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள்.

இரண்டாவது ஜாமீன்தாரர் தேவைப்பட்டு, உங்கள் அலுவலக நண்பரை நீங்களே அழைத்து வருவதாக இருந்தால், கடன் வாங்குபவருக்கு வெளியில் கந்துவட்டி பாக்கி இருப்பது தெரிந்தும் அதை மறைக்காதீர்கள். கடன் கட்டப்படாமல் போனால், வேறு ஏற்பாடு இல்லாதபோது, சுமையைச் சமமாகப் பங்கிட வேண்டியவர் அவர். அவர் உறவினரை நம்பி வரவில்லை, உங்கள் முகத்துக்காக வந்தவர்.

கையெழுத்துக்குப் பிறகு, தவணை கட்டிய ரசீதை மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள். இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்தும். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் அது ஏறும். அந்த அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறலாம். நீங்களே பணம் கட்ட நேர்ந்தால், ரொக்கமாக உறவினர் கையில் கொடுக்காமல், உங்கள் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கு அனுப்பி, உங்கள் பெயரிலேயே ரசீது வாங்குங்கள். அதைக் கடன் வாங்கியவரிடம் திரும்பக் கேட்கும் உரிமையை அதே சட்டத்தின் 145ஆம் பிரிவு தருகிறது. வழக்குப் போட, கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் அவகாசம் உண்டு.