இறால் கோதில் தொடங்கி நானோத் துகள் வரை

திருகோணமலையில் இறாலுக்குப் பஞ்சமில்லை, கறி வைத்து முடிந்ததும் கோது குப்பைக்குத்தான் போகும். அந்தக் கோதுக்கு உறுதி கொடுக்கும் கைட்டின் என்ற பொருளைப் பக்குவம் செய்தால் கிடைப்பது கைட்டோசான். மாத்திரையில் மருந்தைத் தாங்கி நிற்கும் துணைப்பொருட்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இதுவும். நேர் மின்னேற்றம் கொண்டது என்பதால் எதிர் மின்னேற்றமுள்ள சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் மூக்கு, கண் வழியாக மருந்து கொடுக்க நினைப்பவர்கள் இதைத் தேடிப் போகிறார்கள். இதில் மருந்தைச் சுமக்கும் நானோத் துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள் செய்ய பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு காந்தக் கலக்கி இருந்தால் புரொஜெக்ட் தொடங்கிவிடலாம்.

முதலில் ஒன்று. கோதில் இருந்தே எல்லாவற்றையும் செய்யப் போகிறேன் என்று இறங்காதீர்கள். கோதைக் கழுவி, கச்சான் காற்றடிக்கிற நாளில் மொட்டைமாடியில் பரப்பினால் பின்னேரத்துக்குள் கையில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும் (காகத்துக்குக் காவல் இருக்க வேண்டும், அது வேறு கதை). அப்புறம் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் கல்சியம் காபனேற்று கரைந்து நுரைக்கும், ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் புரதம் போகும். இதுவரை உயர்தர மாணவரும் மேற்பார்வையோடு செய்யலாம். மிஞ்சும் கைட்டினைக் கைட்டோசானாக்கும் அடுத்த படியில் 40 முதல் 50 வீதம் வரையான சோடியம் ஐதரொட்சைட்டில் அதை 100 பாகை அளவில் மணிக்கணக்காகச் சூடாக்க வேண்டும், ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். என்னைக் கேட்டால் அந்தப் படியை விட்டுவிட்டு, மூலக்கூற்று நிறை குறைந்த கைட்டோசானாகப் பார்த்து ஒரு சின்னப் போத்தல் வாங்குங்கள்.

கைட்டோசான் வெறும் தண்ணீரில் கரையாது. 1 வீத அசற்றிக் அமிலத்தில், 1 மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில் போட்டு இரவு முழுக்கக் கலக்க விடுங்கள். தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடற்கரைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் உப்பே துகள்களைக் கட்டிபட வைத்துவிடும், ஆகவே காய்ச்சி வடித்த தண்ணீர்தான். காலையில் வடிகட்டி, பி.எச். 5 அளவுக்குக் கொண்டுவாருங்கள். 6.5ஐத் தாண்டினால் கைட்டோசானின் மின்னேற்றம் குறைந்து அது வெளியே வந்துவிடும், பிறகு அன்றைய வேலை வீண்தான்.

இன்னொரு முகவையில் சோடியம் திரைபொலிபொஸ்பேற்று, சுருக்கமாக ரி.பி.பி., அதுவும் 1 மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம். கைட்டோசானுக்கு நேர் மின்னேற்றம், ரி.பி.பி.க்கு எதிர் மின்னேற்றம், இரண்டும் இழுத்துப் பிடித்துச் சுருண்டு துகளாகின்றன. ஸ்பெயினில் மரியா ஹோசே அலொன்சோவின் குழு 1997இல் வெளியிட்ட முறை இது, இன்றுவரை எல்லோரும் இதைத்தான் சுற்றிச் சுற்றிச் செய்கிறார்கள்.

10 மில்லிலீற்றர் கைட்டோசான் கரைசலைக் கலக்கியில் வைத்து, ரி.பி.பி.யைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒன்று, இரண்டு மில்லிலீற்றர் வரை ஒன்றும் நடக்காது, தப்பாகச் செய்துவிட்டோமோ என்று தோன்றும். பிறகு அரிசி கழுவிய தண்ணீரில் இலேசாக நீலம் கலந்த மாதிரி ஒரு மங்கல் வரும். அங்கேயே நிறுத்துங்கள். பெரும்பாலும் இரண்டரை, மூன்று மில்லிலீற்றரில் அது வரும், ஆனால் கைட்டோசான் போத்தலுக்குப் போத்தல் மாறும். இன்னும் நாலு சொட்டு விடுவோமே என்று ஆசைப்பட்டால் பால் திரைந்த மாதிரித் திரித்திரியாகிவிடும். அதைத் திருப்ப வழியில்லை, கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

துகள் வந்ததா என்று அறிய லேசர் அடித்துப் பாருங்கள், துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் ஒளிக்கதிர் கோடாகத் தெரியும். ஆனால் ரி.பி.பி. விடாத கைட்டோசான் கரைசலுக்கும் பக்கத்தில் வைத்து அடியுங்கள், ஏனென்றால் தூசி இருந்தாலும் கோடு தெரியும். லேசரை வைத்து 200 நானோமீற்றர் என்று எழுதிவிட முடியாது, அளவைச் சொல்ல ஒளிச்சிதறல் கருவி வேண்டும். அது இருக்கிற இடத்துக்கு மாதிரியை அனுப்புங்கள்.

இனி மருந்து ஏற்றுவது. ரி.பி.பி. விடுவதற்கு முன்பே மருந்தைக் கைட்டோசான் கரைசலில் கலக்க வேண்டும். பிறகு வேகமாகச் சுழற்றித் துகளை அடியில் இறக்கும் மையநீக்கியில் சுற்றி, மேலே தெளிந்த நீரில் எவ்வளவு மருந்து மிஞ்சியது என்று அளந்து, போட்டதில் இருந்து கழித்தால் துகளுக்குள் போனது எவ்வளவு என்று வரும்.

நாங்கள் மண்டையை உடைத்தது இந்த இடத்தில்தான். நம்மூர் மஞ்சள்தானே என்று அதன் நிறப்பொருளான குர்குமினை எத்தனோலில் கரைத்துச் சேர்த்தோம், 90 வீதத்துக்கு மேல் துகளுக்குள் போனதாகக் கணக்கு வந்தது, சந்தோஷத்தில் அன்றைக்கே வரைபும் போட்டாயிற்று. மிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கைட்டோசான் போடாமல் செய்து பார்த்தனீங்களோ?" செய்து பார்த்தோம். அதே 90 சொச்சம்! குர்குமின் தண்ணீரில் கரையாது, தானாகவே படிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது, மேலே இல்லாததை எல்லாம் துகளுக்குள் போனதாகக் கணக்குப் பண்ணியிருக்கிறோம்.

ஆகவே கைட்டோசான் இல்லாத ஒரு குழாயையும் கட்டாயம் கூடவே சுற்றுங்கள். முதல் தடவை என்றால் தண்ணீரில் கரையும் மருந்தாக எடுத்தால் தலையிடி குறைவு. மையநீக்கியின் வேகத்தையும் பாருங்கள், இரத்தம் சுற்றுகிற நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சாதாரண இயந்திரத்தில் இவ்வளவு சின்னத் துகள் முழுக்க அடியில் இறங்காது, மேலே மிதப்பதையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் வையுங்கள், திகதியும் "குடிக்க வேண்டாம்" என்றும் எழுதி ஒட்டுங்கள். உறைய வைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், உறைய வைத்தே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே திரெகலோசு போன்ற ஒரு சர்க்கரையைச் சேர்த்துவிடுங்கள்.