மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கவுக்கு: கூகுள் சொல்லும் தூரத்தை நம்பாதீர்கள்

மட்டக்களப்பு விமான நிலையத்துக்கும் கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்துக்கும் இடையிலான தூரத்தைத் தேடினால் ஏறத்தாழ 205 கிலோமீற்றர் என்று வரும். அது ஆகாயத்தில் நேர்கோடு போட்டு அளந்த கணக்கு. வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வீதியால் வாகனத்தில் போகிறவருக்கு முந்நூறு கிலோமீற்றரை நெருங்கிவிடும். ஆறு, ஏழு மணித்தியாலம் பிடிக்கும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தவர்கள் இன்னும் ஒன்றிரண்டு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். இரவில் மின்னேரியா, ஹபரணைப் பகுதியில் யானை குறுக்கே வரும். அங்கே வேகம் வேண்டவே வேண்டாம்.

குருநாகலில் இருந்து நாரம்மலை, கிரியுல்லை, மினுவாங்கொடை வழியாகத் திரும்பினால் கொழும்பு நெரிசலுக்குள் நுழையாமலே கட்டுநாயக்கவை அடையலாம்.

உள்நாட்டு விமானத்தில் போகிறீர்களா? அது எங்கே இறங்குகிறது என்பதை முதலில் கேளுங்கள். இரத்மலானை விமான நிலையம் கொழும்புக்குத் தெற்கே, கட்டுநாயக்க வடக்கே. இரத்மலானையில் இறங்கினால், மாலை நெரிசலில் கொழும்பு நகரத்தைக் கடப்பதற்குள் நெஞ்சு படபடத்துப் போகும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகவே போய்ச் சேரும்படி கணக்கிட்டு வீட்டிலிருந்து புறப்படுங்கள்.