சென்னிமலை இறங்கிய மறுநாள் தொடை பிடிக்காமல் இருக்க

ஈரோடு பக்கம் சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1320 படி ஏறி வந்தவர்கள் ஏறும்போது வாங்கிய மூச்சைத்தான் பெரிதாகச் சொல்வார்கள், ஆனால் மறுநாள் நாற்காலியில் உட்காரப்போகும்போது ஐயோ என்று கத்த வைப்பது இறங்கிய கணக்கு.

ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து வலது கையில் பிடித்து முழங்கையை மடக்குங்கள், இடது கையால் மேல்கையைத் தொட்டுப் பாருங்கள். முன்பக்கம் பைசெப்ஸ் கெட்டியாக இருக்கும், பின்பக்கம் ட்ரைசெப்ஸ் தொளதொள. அதே கையால் மேசையைக் கீழே அமுக்கினால் பின்பக்கம் கெட்டியாகும். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது, அதனால்தான் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒன்று இழுக்கும்போது எதிரில் இருப்பது தளர்ந்து கொடுக்கும்படி தண்டுவடமே பார்த்துக்கொள்ளும்.

இனி சொம்பை மெதுவாக இறக்குங்கள். கை நீளுகிறது, ஆனாலும் கெட்டியாக இருப்பது பைசெப்ஸ்தான்! நீண்டுகொண்டே பிடித்து வைக்கிறது, கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றைச் சரசரவென்று விடாமல் பிடித்துப் பிடித்து விடுவோமே, அது மாதிரி.

படியிலும் இதே கதை. ஏறும்போது புட்டமும் முன்தொடையும் சுருங்கி உடம்பைத் தூக்கும், கெண்டைக்கால் குதிகாலை எழுப்பும், ஒற்றைக்காலில் நிற்கிற அந்த நொடியில் இடுப்பு சாயாமல் பக்கத் தசை தாங்கும். இறங்கும்போது முன்தொடை ஒவ்வொரு படிக்கும் நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. பழக்கமில்லாத தசையில் அந்த வேலைதான் நுண்ணிய காயம் உண்டாக்கும், வலி மறுநாள்தான் எட்டிப் பார்க்கும், சில நாளில் தானாகப் போகும்.

சரி, என்ன செய்யலாம்? போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாலு எண்ணிக்கொண்டே நாற்காலியில் மெதுவாக உட்காருங்கள், 10 தடவை. தொப்பென்று விழுந்தால் பலன் இல்லை. இறங்கும்போது முட்டியை விறைக்காமல் லேசாக மடக்கியே வையுங்கள், முன்பாதம் முதலில் பட்டால் கெண்டைக்காலும் பளுவில் பங்கு போடும், கைப்பிடி இருந்தால் வெட்கப்படாமல் பிடியுங்கள். எங்கள் அப்பாரு உடம்பைச் சற்றுத் திருப்பி வளைந்து வளைந்துதான் இறங்குவார், "நேரா எறங்குனா முட்டி பேசும் கண்ணு" என்பார். பொடிசுகள் நாங்கள் குதித்து இறங்கிவிட்டு மறுநாள் அழுவோம்.

வலி தொடையில் இல்லாமல் முட்டிக்குள்ளேயே குத்தினால் அது வேறு சமாச்சாரம், டாக்டரைப் பாருங்கள்; அதுவரை மலைமேல் போக வண்டிப் பாதை இருக்கிறது.