பிள்ளைக்கு ஜேர்மன் பெயரா? வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஜேர்மனிக்குத் தாதியர் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹட்டனில் ஜேர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே போய்க் குடும்பமான பிள்ளைகள், "டீச்சர், இந்தப் பெயர் வைக்கலாமா?" என்று போனில் கேட்பார்கள். டிக்கோயாப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கேட்ட பெயர் ஒட்டீலியே. அதையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் வேரைப் பிடியுங்கள். பழைய ஜேர்மன் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு சொல் சேர்ந்தவை. மத்தில்டே என்றால் 'மாக்ட்' வலிமை, 'ஹில்ட்' போர். ஒட்டீலியே அப்படி இல்லை. 'ஒட்' என்ற ஒரே வேர்தான். சொத்து, உடைமை என்று பொருள். ஒட்டோ என்ற ஆண் பெயரும் அதிலிருந்து வந்ததே. 'போரில் வளம் பெற்றவள்' என்று சில இணையத்தளங்கள் எழுதுகின்றன. நம்ப வேண்டாம், இந்த வேரில் போரே கிடையாது.

அப்புறம், அந்தப் பெயரை நிலைக்கச் செய்தவர் யார் என்று தேடுங்கள். எனக்குப் பிடித்த வேலை இதுதான். இங்கே அவர் புனித ஒடீலியா, 7ஆம் நூற்றாண்டில், இப்போது பிரான்ஸில் இருக்கும் அல்சாஸில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு ஞானஸ்நானத்தின்போது கண் திறந்தது என்பது ஐதீகம். அதனால்தான் கண் நோயாளிகளின் பாதுகாவலி. திருநாள் டிசம்பர் 13. கேட்ட பிள்ளையின் அம்மாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. இதைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் பெயர் பிடித்துவிட்டது.

எவ்வளவு பேர் வைக்கிறார்கள் என்று பார்க்க, வீஸ்பாடனில் இருக்கும் ஜேர்மன் மொழிச் சங்கத்தின் பட்டியலைப் பாருங்கள். 1977 முதல் ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். பதிவு அலுவலகங்கள் அனுப்பும் பெயர்களை வைத்துத் தயாரிப்பது. முதற்பெயருக்கும் அடுத்த பெயருக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு, இரண்டையும் பாருங்கள். பாட்டியின் பெயரை இரண்டாவதாகச் சேர்ப்பது அங்கே வழக்கம். ஒரே உச்சரிப்புள்ள சோஃபி போன்ற பெயர்களை எழுத்து மாறினாலும் சேர்த்தே எண்ணுவார்கள். பட்டியலில் கீழே இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஒட்டீலியே 1900ஆம் ஆண்டையொட்டி நிறையப் பேருக்கு இருந்த பெயர். பூட்டி காலத்துப் பெயர் பேத்திக்கு அழகாகத்தான் இருக்கும்.

வாயால் கூப்பிட்டும் பாருங்கள். அங்கே 'ஒட்டி' என்றும் சுருக்குவார்கள், நம் காதுக்கு அது சரி வராது. 'டில்லி' என்றும் சுருக்கலாம், அது சுலபம். கடைசி 'யே' ஒலிக்க வேண்டும். இங்கிலீஷ் வாடையில் 'ஒட்டிலி' என்று முடித்துவிடாதீர்கள்.

பிள்ளை இங்கே பிறந்தால் 42 நாளுக்குள் பதிய வேண்டும். மலையகத்தில் தமிழ்ப் பெயரே சிங்களத்தில் தப்பாக ஏறி, பிறகு பாஸ்போட் எடுக்கும்போது அல்லாடிய குடும்பங்கள் எத்தனையோ. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இங்கிலீஷில் இரண்டு 'டீ', கடைசியில் 'ஐ', 'ஈ'. பதிவாளர் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்த பிறகே கையெழுத்து வையுங்கள்.